தண்ணீரிலும் கோடு வந்துவிட்டது, என்ன செய்வது?

கேள்வி: மேடம், நான் நுண்ணுயிரியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவி. இந்தக் கோடை விடுமுறையில் ஓர் ஆய்வகத்தில் எட்டு வார இன்டர்ன்ஷிப் கிடைத்தது. மண்ணிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, பாக்டீரியாக்களை அடையாளம் காண உதவும் 16எஸ் மரபணுவை பிசிஆர் மூலம் (சுழற்சி சுழற்சியாக டிஎன்ஏவை நகலெடுக்கும் முறை) பெருக்கி, அந்த மண்ணில் என்னென்ன பாக்டீரியா இருக்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். பெருக்கிய டிஎன்ஏ கோடாகத் தெரிய வேண்டிய ஜெல்லில் முதல் ஐந்து வாரம் ஒன்றுமே வரவில்லை. பிரித்த டிஎன்ஏ வேறு லேசான பழுப்பு நிறத்தில் இருந்தது. ஆறாவது வாரம் பிசிஆர் சுழற்சிகளை 30-லிருந்து 40 ஆக்கினேன். அழகான கோடு வந்தது, சந்தோஷத்தில் கத்தியே விட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், டிஎன்ஏவுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றிய லேனிலும் (ஜெல்லின் வரிசையிலும்) அதே இடத்தில் கோடு. மூன்று முறை திரும்பச் செய்தும் அதேதான்.

இன்னும் ஒன்பது நாள்தான் மிச்சம். கடைசி நாள் எல்லோர் முன்னாலும் பத்து நிமிடம் பேச வேண்டும். எனக்குக் கற்றுத்தரும் முனைவர் பட்ட மாணவர் அண்ணா, "தண்ணீர் லேனை வெட்டிவிட்டு மீதியைக் காட்டு, இன்டர்னை யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள்" என்கிறார். அவர் நல்லவர், என் நன்மைக்காகத்தான் சொல்கிறார். பேராசிரியரை இதுவரை மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். என்னுடன் சேர்ந்த இன்னொரு மாணவர் போஸ்டரே அடித்துவிட்டார். எனக்குக் காட்ட ஒன்றுமில்லை. ஒரே ஒரு நாள், தட்டில் வளர்ந்த பாக்டீரியா காலனிகளை லென்ஸ் வைத்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தபோது இரவு எட்டு மணி ஆனதே தெரியவில்லை. மற்றபடி கோடை முழுக்க வீண் என்று தோன்றுகிறது. எனக்கு ஆராய்ச்சி வராதா? பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கலாமா?

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

டிஎன்ஏ பழுப்பாக இருந்தது என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

சுத்தமான டிஎன்ஏ கரைசலுக்கு நிறம் கிடையாது, தண்ணீர் போலத்தான் இருக்கும். மண்ணிலிருந்து எடுத்தது பழுப்பாக வந்தால், ஹியூமிக் அமிலமும் கூடவே வந்திருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இலையும் தழையும் மக்கும்போது உண்டாகிற பொருள் அது. மண் கருமையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். டிஎன்ஏவைப் போலவே அதுவும் எதிர்மின்சுமை கொண்டது. அதனால் பிரித்தெடுக்கும் படிகள் பலவற்றில் டிஎன்ஏ போகிற பக்கமே அதுவும் ஒட்டிக்கொண்டு போகும். பிசிஆர் டியூபுக்குள் நுழைந்தால் டிஎன்ஏவை நகலெடுக்கும் டாக் பாலிமரேஸ் நொதியை வேலை செய்ய விடாது, நொதிக்குத் தேவையான மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மண்ணோடு மல்லுக்கட்டும் ஆய்வகங்களில் இது பழைய தலைவலி. உங்கள் ஜெல் ஐந்து வாரம் காலியாக இருந்ததற்கு உங்கள் கைப்பிசகை விட இதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

டிஎன்ஏவின் அளவையும் சுத்தத்தையும் ஒளியால் அளக்கும் நானோடிராப் கருவியில் அளந்திருந்தால் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி, 260/230 என்ற எண்ணைப் பாருங்கள். 260/280 எண் 1.8-க்குப் பக்கத்தில் இருந்தால் புரதம் அதிகம் இல்லை என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். பக்கத்தில் இருக்கும் 260/230-ஐ யாரும் கண்டுகொள்வதில்லை. சுத்தமான டிஎன்ஏவுக்கு அது 2-ஐ ஒட்டி இருக்கும். உங்களுடையது 1-க்குக் கீழே இருந்தால் ஹியூமிக் சந்தேகம் வலுக்கிறது. பிரித்தெடுக்கும் கிட்டில் இருக்கும் சில உப்புகளும் அந்த எண்ணை இறக்கிவிடும் என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். ஆனால் பழுப்பு நிறமும் அந்த எண்ணும் சேர்ந்தால் எனக்குப் போதும்.

அடுத்து அந்த 40 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் டிஎன்ஏ இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு மூலக்கூறில் தொடங்கினாலும் 30 சுழற்சியில் சுமார் 107 கோடி ஆகிவிடும். மேலும் பத்து சுழற்சி ஓட்டினால் அதைப்போல் இன்னும் ஆயிரம் மடங்கு. நிஜ டியூபில் பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டு) தீர்ந்து, நொதியும் தளர்ந்து வேகம் குறையும், இருந்தாலும் கணக்கின் போக்கு இதுதான். 30-ல் கண்ணுக்கே தெரியாமல் இருந்த தூசியளவு வேற்று டிஎன்ஏ 40-ல் பளிச்சென்று கோடாகிவிடும்.

தூசி எங்கிருந்து வந்தது? இரண்டு வழி உண்டு. ஒன்று, டியூபுக்குள் போன பொருள்களிலேயே இருந்திருக்கலாம். கடையில் வாங்கும் டாக் நொதியைப் பெரும்பாலும் ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் வைத்துத்தான் தயாரிக்கிறார்கள். எவ்வளவு சுத்தப்படுத்தினாலும் அந்த பாக்டீரியாவின் டிஎன்ஏ துளியூண்டு தங்கிவிடக்கூடும். மற்ற மரபணுக்களில் வேலை செய்கிறவர்களுக்கு இதனால் தொந்தரவு இல்லை. நீங்களோ எந்த பாக்டீரியாவாக இருந்தாலும் பிடித்துக்கொள்ளும்படி அமைத்த பிரைமரைப் பயன்படுத்துகிறீர்கள். அது நொதியோடு வந்த ஈ. கோலையையும் விடாது. 16எஸ் வேலையில் சுழற்சியை 35-க்கு மேல் கொண்டு போகத் தயங்குவது இதனால்தான். இரண்டாவது வழி, நீங்களே பெருக்கிய டிஎன்ஏ. பிசிஆர் முடிந்த டியூபைத் திறக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் பறக்கும். அதே மேசையில், அதே பிப்பெட்டை வைத்து அடுத்த நாள் கலவை தயாரித்தால் நேற்றைய கோடு இன்றைய தண்ணீருக்குள் இறங்கிவிடும். முதல் தடவை நொதியிலிருந்து வந்து, அடுத்த மூன்று தடவை காற்றிலிருந்து வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவும் ஒன்று சொல்ல வேண்டும். பாசிட்டிவ் கன்ட்ரோல் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. நன்றாக வேலை செய்யும் என்று ஏற்கெனவே தெரிந்த டிஎன்ஏவை ஒரு டியூபில் போட்டு ஓட்டினீர்களா? ஓட்டியிருந்தால் முதல் வாரத்திலேயே விஷயம் பிரிந்திருக்கும். அதில் கோடு வந்து மண்ணில் வரவில்லை என்றால் கோளாறு மண் டிஎன்ஏவில். இரண்டிலும் வரவில்லை என்றால் கோளாறு கலவையிலோ இயந்திரத்திலோ. அந்த டியூப் இல்லாமல் ஐந்து வாரம் ஓட்டியிருந்தால், பூட்டு கெட்டதா சாவி கெட்டதா என்று பார்க்காமலே கதவை உலுக்கிக்கொண்டிருந்த கதைதான். தவறு உங்களுடையது மட்டும் இல்லை, கற்றுக்கொடுத்தவர் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அடுத்த ஆய்வகத்துக்கு நீங்கள்தான் போகப்போகிறீர்கள், அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

சரி, ஒன்பது நாளில் என்ன செய்யலாம்? நிறையச் செய்யலாம். பேச்சுக்கும், மாதிரிகளை ஆய்வகத்திடம் ஒப்படைப்பதற்கும் ஐந்து நாளை ஒதுக்கிவிட்டு, நாலு நாளை மட்டும் மேசைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் முழுக்கச் சுத்தம். ஜெல் ஓட்டும் இடத்திலிருந்து தள்ளி, முடிந்தால் வேறு அறையில், கலவை தயாரிக்க ஓர் இடம் பிடியுங்கள். மேசையையும் பிப்பெட்டையும் ப்ளீச் கரைசல் தொட்டுத் துடைத்து, பிறகு தண்ணீராலும் துடையுங்கள். ஃபில்டர் டிப் கேட்டு வாங்குங்கள். தண்ணீர், பஃபர், பிரைமர் எல்லாவற்றிலும் இதுவரை திறக்காத சிறு டியூப் ஒன்று எடுங்கள். இதுவரை பயன்படுத்தியதைத் தூக்கி எறியாதீர்கள், பெயர் எழுதித் தனியே வையுங்கள். பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அது தேவைப்படலாம்.

மறுநாள் ஓட்டுவது ஒரே பிசிஆர்தான், ஆனால் யோசித்து அடுக்கிய பிசிஆர். மண் டிஎன்ஏவை அப்படியே ஒரு டியூபிலும், பத்தில் ஒன்று, ஐம்பதில் ஒன்று, நூறில் ஒன்று என்று நீர்த்ததை மற்ற மூன்றிலும் போடுங்கள். நீர்க்கும்போது டிஎன்ஏ குறையும், தடுக்கிற பொருளும் குறையும். டிஎன்ஏ கொஞ்சம் இருந்தாலே பிசிஆர் சமாளித்துக்கொள்ளும் என்பதால் பெரும்பாலும் நீர்த்ததில்தான் கோடு வரும். முதலில் கேட்கும்போது இது தலைகீழாகத் தெரியும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஐந்தாவது டியூபில் தெரிந்த டிஎன்ஏ. ஆறாவதில் அதே தெரிந்த டிஎன்ஏவோடு உங்கள் பழுப்புக் கரைசல் ஒரு மைக்ரோலிட்டர். ஏழாவதில் புதுத் தண்ணீர், எட்டாவதில் பழைய தண்ணீர். சுழற்சி 30-தான். ஆசைப்பட்டு ஏற்றிவிடாதீர்கள்.

இந்த எட்டில் முக்கியமானது ஆறாவது டியூப். ஐந்தாவதில் கோடு வந்து ஆறாவதில் வராமல் போனால், பழுப்புக் கரைசலில் பிசிஆரைத் தடுக்கும் ஏதோ இருக்கிறது என்று நீங்களே நிரூபித்துவிட்டீர்கள். நான் சொன்னேன் என்று எங்கேயும் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் நாள் அதே அடுக்கைத் திரும்ப ஓட்டுங்கள், இந்தத் தடவை கலவையில் மாட்டு ஆல்புமின் புரதம் கொஞ்சம் சேர்த்து. ஹியூமிக் பொருள் அந்தப் புரதத்தில் ஒட்டிக்கொள்ள, நொதி தப்பித்துக்கொள்ளும். மண்ணில் வேலை செய்கிற ஆய்வகத்தில் அந்தப் புட்டி எங்கேயாவது ஃப்ரீஸரில் இருக்கும். நாலாவது நாள் சொதப்பலுக்கு. எப்படியும் ஒரு நாள் சொதப்பும்.

ஒவ்வொரு முறையும் இயந்திரத்தின் மூடியை மூடுவதற்கு முன்னால், எந்த டியூபில் கோடு வரும் என்று நினைக்கிறீர்களோ அதை நோட்டில் தேதியோடு எழுதிவிடுங்கள். வந்த பிறகு "நான் அப்பவே நினைத்தேன்" என்று எல்லோருக்கும் தோன்றும். எழுதி வைத்திருந்தால்தான் நினைத்தோமா இல்லையா என்று தெரியும்.

இனி அண்ணா சொன்ன யோசனைக்கு வருவோம். தண்ணீர் லேனை வெட்டாதீர்கள். உங்களுக்கே அது தெரியும் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். ஆனால் வெறும் ஒழுக்கப் பாடமாக மட்டும் இதைச் சொல்லவில்லை. தண்ணீர் லேனில் கோடு இருக்கும்போது, மண் லேனில் வந்த கோடு மண்ணுடையதா, தண்ணீருக்குள் புகுந்த அதே தூசியுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த லேனை எடுத்துவிட்டால் படத்துக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது.

ஜெர்மனியில் நடந்த ஒரு விவகாரத்தை என் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று மூன்று நாடுகளில் சுமார் 40 குற்றங்களில் ஒரே பெண்ணின் டிஎன்ஏ கிடைத்துக்கொண்டே இருந்தது. கொலை, திருட்டு என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத குற்றங்கள். 2007-ல் ஹைல்பிரான் நகரில் ஒரு பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டபோது அந்த இடத்திலும் அதே டிஎன்ஏ. முகமில்லாத அந்தக் கொலைகாரியைப் பெரும் படையே தேடியது. 2009 மார்ச்சில் உண்மை தெரிந்தது. அப்படி ஒரு கொலைகாரியே இல்லை. தடயம் எடுக்கப் பயன்படுத்திய பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் டிஎன்ஏ அது. குச்சிகளில் கிருமி இல்லாமல் செய்திருந்தார்கள், ஆனால் கிருமி செத்தாலும் டிஎன்ஏ போய்விடாது. பயன்படுத்தாத குச்சி ஒன்றைத் தொடக்கத்திலேயே சோதித்திருந்தால், அதுதான் அவர்களுடைய தண்ணீர் லேனாக இருந்திருக்கும்.

அந்த அண்ணா கெட்டவர் என்று நானும் நினைக்கவில்லை. தன் ஆய்வேடு, தன் கெடு, அதற்கு நடுவில் உங்களையும் கவனிக்க வேண்டும். நீங்கள் வெறுங்கையோடு மேடை ஏறினால் தன்மேல் குறை வருமோ என்ற பயமும் அவருக்கு இருக்கலாம். ஆனாலும் தவறான யோசனைதான். இன்று பல ஆய்விதழ்கள் கட்டுரையோடு வெட்டாத முழு ஜெல் படத்தையும் கேட்டு வாங்குகின்றன. அவரே நாளைக்கு ஒரு கட்டுரை அனுப்பும்போது இந்தப் பழக்கம் அவரைத்தான் கடிக்கும். அவரிடம் வாதாட வேண்டாம். "அண்ணா, தண்ணீர் லேனையும் சேர்த்தே காட்டிவிடுகிறேன், அது ஏன் வந்தது என்று கண்டுபிடிக்க எட்டு டியூப் ஓட்டப் போகிறேன், கொஞ்சம் பாருங்களேன்" என்று அடுக்கைக் காட்டிக் கேளுங்கள். பெரும்பாலான ஆய்வு மாணவர்களுக்கு நல்ல சோதனை ஒன்றைப் பார்த்தால் கை சும்மா இருக்காது, ஆல்புமின் புட்டியை அவரே தேடி எடுத்துத் தருவார். அதையும் மீறி உங்கள் ஸ்லைடை அவர் மாற்றச் சொன்னால், அப்போது பேராசிரியரிடம் போவதில் தவறில்லை.

பேராசிரியரை மூன்று முறைதான் பார்த்தேன் என்கிறீர்கள். எட்டு வாரத்தில் மூன்று முறை குறைவுதான், எங்கள் தரப்பின் குற்றம் அது. மாணவர் வந்து கேட்பார் என்று நாங்கள் காத்திருப்போம், பேராசிரியர் கூப்பிடுவார் என்று மாணவர் காத்திருப்பார், கோடை முடிந்துவிடும். நீங்களே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். முழு ஜெல் படத்தை இணைத்து, தண்ணீரில் கோடு வந்திருக்கிறது, மண் டிஎன்ஏ பழுப்பாக இருக்கிறது, அதனால் இப்படி எட்டு டியூப் ஓட்ட நினைக்கிறேன், சரியா, பதினைந்து நிமிடம் நேரம் கிடைக்குமா என்று நாலே வரி. "எனக்கு ஒன்றும் வரவில்லை, என்ன செய்வது" என்று வரும் கடிதத்தைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவிடுவேன். திட்டத்தோடு வரும் கடிதத்துக்கு நடந்துகொண்டே பதில் போட்டுவிடுவேன். என்னை மாதிரிதான் மற்றவர்களும் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

போஸ்டர் அடித்துவிட்ட அந்த மாணவரைப் பற்றி: ஆய்வகத்தின் உள்ளே நடப்பது ஒன்றைச் சொல்கிறேன். கோடை மாணவர்களுக்கு நாங்கள் இரண்டு வகை வேலை வைத்திருப்போம். ஒன்று, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேலை. எல்லாப் படியும் பழகியது, இன்னும் இருபது மாதிரிகளை அதே வழியில் ஓட்டினால் போதும், எட்டு வாரத்தில் வரைபடம் வந்தே தீரும். இன்னொன்று, யாருக்கும் நேரமில்லாமல் அலமாரியில் கிடக்கும் கேள்வி. வந்தால் நல்லது, வராவிட்டாலும் எங்களுக்கு நஷ்டமில்லை. இரண்டாவது வகையை ஒரு புதுக் கையில் கொடுத்துவிட்டு, அது எவ்வளவு கடினம் என்று சொல்லாமல் விடுவது நியாயமில்லை. நானும் அப்படிச் செய்திருக்கிறேன். ஒரு வருடம் ஒரு மாணவர் என்னிடம் வந்து, "இது கஷ்டமான வேலை என்று முதல் நாளே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு அழுதிருக்க மாட்டேன்" என்றார். அதற்குப் பிறகு முதல் நாளே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குக் கிடைத்தது இரண்டாவது வகை என்றுதான் நினைக்கிறேன். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

பத்து நிமிடப் பேச்சுக்குத் தனியாக மூளையைக் கசக்க வேண்டாம். நடந்தது நடந்தபடி சொன்னாலே அதில் ஒரு கதை இருக்கிறது. மண்ணில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு ஒரு நிமிடம் போதும். உடனே முழு ஜெல்லையும் திரையில் போட்டு, தண்ணீர் லேனை நீங்களே அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். யாராவது கண்டுபிடிப்பார்களோ என்று நடுங்கிக்கொண்டு நிற்கும் வேலை அந்த நொடியோடு முடிந்தது. அப்புறம் 40 சுழற்சி, பழுப்பு நிறம், எட்டு டியூப். வந்த விடை எதுவானாலும் காட்டலாம். நீர்த்ததில் கோடு வந்து தண்ணீர் சுத்தமாக இருந்தால், அடுத்து வருகிறவர் நேராக டிஎன்ஏவின் எழுத்துவரிசையைப் படிக்கும் வரிசைப்படுத்தலுக்குப் போகலாம். எதிலும் வரவில்லை என்றால், எவையெல்லாம் காரணம் இல்லை என்று சொல்லுங்கள். "அது எனக்குத் தெரியவில்லை, இப்படிச் செய்தால் தெரியும்" என்ற பதிலைக் கேட்டு எந்த ஆராய்ச்சியாளரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. மன்னிப்பு மட்டும் கேட்காதீர்கள். "சாரி, எனக்கு ரிசல்ட் வரவில்லை" என்று தொடங்கும் பேச்சை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு என்ன நல்ல விஷயம் வந்தாலும் அவையின் காது பாதி மூடிவிடும்.

பரிந்துரைக் கடிதத்தைத் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் பேச்சு முடிந்த பிறகு கேளுங்கள். இன்று கேட்டால் உங்களைப் பற்றி பேராசிரியருக்குத் தெரிந்ததெல்லாம், சரியான நேரத்துக்கு வருகிற பெண் என்பது மட்டும்தான். அப்படிப்பட்ட கடிதங்களைப் படிக்கிற இடத்திலும் நான் உட்கார்ந்திருக்கிறேன். "ஒழுங்கானவர், பிசிஆர் கற்றுக்கொண்டார்" என்ற வரியைக் கண் தாண்டிப் போய்விடும். "தன் சோதனை ஏன் தோற்றது என்று தானே வழி வகுத்துக் கண்டுபிடித்தார்" என்ற வரியில் நிற்கும். கேட்கும்போது, நீங்கள் செய்ததை அரைப் பக்கத்தில் தேதியோடு எழுதிக் கையில் கொடுங்கள். தினமும் உங்களைப் பார்த்தவர் அண்ணா என்பதால், அவரிடமும் கருத்துக் கேட்டுக்கொள்ளும்படி சொல்லுங்கள்.

ஆராய்ச்சி வருமா வராதா என்பதை எட்டு வாரத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வரும் என்று சொன்னாலும் சரி, வராது என்று சொன்னாலும் சரி. நானாக இருந்தால் வேறு ஒன்றைக் கவனிப்பேன். காலனிகளை வரைந்துகொண்டிருந்த அந்த மாலை. யாரும் வரையச் சொல்லவில்லை, மதிப்பெண் இல்லை, உங்கள் வேலைப் பட்டியலிலும் அது இல்லை. ஒருவேளை உங்களுக்குப் பிடித்தது மூலக்கூறைவிட, கண்ணால் பார்க்கக்கூடிய உயிராக இருக்கலாம். தட்டில் வளர்த்து, பார்த்து, பிரித்து அறியும் நுண்ணுயிரியல் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மண்ணில் இருக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றை இன்னும் யாரும் தட்டில் வளர்த்ததில்லை. அடுத்த கோடைக்கு அப்படி வேலை செய்யும் ஆய்வகம் ஒன்றைத் தேடிப் பாருங்கள். அங்கேயும் பிடிக்கவில்லை என்றால் வேறு துறைக்குப் போங்கள். இருபது வயதில் அதைத் தெரிந்துகொள்வது முனைவர் பட்டத்தின் நாலாவது வருடத்தில் தெரிந்துகொள்வதைவிட எவ்வளவோ மேல். அந்த வரைபடங்களைப் பேச்சில் ஒரு ஸ்லைடில் போடலாமே?

இனி ஒப்படைப்பு. பாதிப் பேர் இதைச் செய்யாமலே கிளம்பிவிடுவார்கள். நீங்கள் பயன்படுத்தும் டாக் நொதிக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. 1966-ல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஹட்சன் ஃப்ரீஸ் என்ற இளங்கலை மாணவர், பேராசிரியர் தாமஸ் பிராக்கிடம் வேலை செய்துகொண்டிருந்தார். எல்லோஸ்டோன் பூங்காவின் வெந்நீர் ஊற்று ஒன்றிலிருந்து எடுத்த மாதிரியில், 70 டிகிரி வெப்பத்தில் செழித்து வளரும் பாக்டீரியா ஒன்றை அவர் வளர்த்தெடுத்தார். 1969-ல் இருவரும் அதற்கு தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயர் சூட்டிக் கட்டுரை வெளியிட்டார்கள். 1983-ல் கேரி முல்லிஸ் பிசிஆரை யோசித்தபோது, அப்போதிருந்த நொதி ஒவ்வொரு சுழற்சியின் கடும் சூட்டிலும் செத்துப்போக, ஒவ்வொரு முறையும் டியூபைத் திறந்து புதிதாக ஊற்ற வேண்டியிருந்தது. அந்த வெந்நீர்ப் பாக்டீரியாவின் நொதியான டாக் வந்த பிறகுதான் டியூபை மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்க முடிந்தது. முல்லிஸுக்கு 1993-ல் நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் மண்ணிலும் அப்படி ஏதாவது கிடைக்கும் என்று ஆசை காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பிராக்கும் ஃப்ரீஸும் அந்த பாக்டீரியாவை அமெரிக்காவில் உள்ள பொது நுண்ணுயிர்ச் சேமிப்பகம் ஒன்றில், பெயரும் விவரமும் சேர்த்து ஒப்படைத்திருந்தார்கள். பல வருடம் கழித்து, அவர்களுக்குச் சம்பந்தமே இல்லாத வேலையில் இருந்தவர்கள் அங்கே கேட்டு வாங்கிக்கொள்ள முடிந்தது அதனால்தான்.

நான் மாணவியாக இருந்தபோது ஓர் ஆய்வகத்தில் ஆறு வாரம் உட்கார்ந்து 48 டியூப் டிஎன்ஏ சேர்த்தேன். எல்லாவற்றிலும் மார்க்கரால் எண் எழுதியிருந்தேன். எனக்குப் பிறகு வந்தவர் நல்ல எண்ணத்தில் பெட்டியை எத்தனால் தொட்டுத் துடைத்துச் சுத்தம் செய்தார். மார்க்கர் மை எத்தனாலில் கரைந்துவிடும். 48 டியூபும் பத்திரமாக இருந்தன, எது எது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. நோட்டில் பெட்டியின் படம் வரைந்து கட்டத்துக்குக் கட்டம் எழுதி வைத்திருந்தால் தப்பித்திருக்கும். நான் வரைந்திருக்கவில்லை.

ஆகவே கடைசி இரண்டு நாளில், பழைய தண்ணீர், புதுத் தண்ணீர், மண் டிஎன்ஏ, நீர்த்தவை எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடுக்குங்கள். மூடியிலும் பக்கத்திலும் எண் எழுதி, அதன்மேல் ஒளிபுகும் டேப் ஒட்டுங்கள். எந்தக் கட்டத்தில் எது என்ற படத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்து, பென்சிலால் எழுதிய ஒரு நகலைப் பெட்டிக்குள்ளும் வையுங்கள். பழைய தண்ணீர் டியூபின் பக்கத்தில் "இதில் கோடு வருகிறது" என்று மறக்காமல் எழுதிவிடுங்கள்.